இலவச மென்பொருளை நம்பி ஏலக் கணக்கை ஒப்படைக்கலாமா?

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, தொண்டிக்குத் தெற்கே, பாக் விரிகுடாக் கரையில் உள்ள ஒரு கிராமத்தில் மீனவர் உற்பத்தியாளர் குழுவின் செயலாளராக இருக்கிறேன். எங்கள் உறுப்பினர்களின் விசைப்படகுகளும் நாட்டுப்படகுகளும் கொண்டுவரும் நண்டு, கணவாய், இறால், மீன் அனைத்தும் எங்கள் கூடத்தில்தான் ஏலம் போகின்றன. ஏலக் கணக்கு, டீசல், ஐஸ் பற்று, முன்பணப் பாக்கி, பங்குப் பிரிப்பு எல்லாம் பாதி நோட்டிலும் பாதி எக்செல்லிலும் கிடக்கின்றன. சென்னை நிறுவனம் ஒன்று தன் சொந்த மென்பொருளை ஆண்டுச் சந்தாவுக்குத் தருவதாகச் சொல்கிறது. எங்கள் பகுதியில் பொறியியல் படித்த இரண்டு இளைஞர்களோ, ஈஆர்பிநெக்ஸ்ட் என்னும் திறமூல மென்பொருளுக்கு உரிமக் கட்டணமே கிடையாது, அதை எங்கள் கணக்குக்கு ஏற்றபடி அமைத்துத் தருகிறோம், உழைப்புக்கு மட்டும் ஒருமுறை பணம் தாருங்கள் என்கிறார்கள். நிர்வாகக் குழுவில் பலருக்கு அச்சம். இலவசமாகக் கிடைப்பதை யார் பொறுப்பேற்றுச் சரிசெய்வார்கள்? அதன் உள்ளே எழுதியிருப்பதை யாரும் படிக்கலாம் என்றால் எங்கள் கணக்கையும் படித்துவிட மாட்டார்களா? பையன்கள் நாளை துபாய்க்குப் போய்விட்டால் என்ன செய்வது? இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: அந்த இருவரில் ஒருவன் என் அக்காள் மகன். நாங்கள் எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் குழு இளைஞர்களின் யோசனையையே ஏற்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் அவர்கள் இப்போது சொல்லியிருக்கும் வடிவில் அதை ஏற்கக் கூடாது. ஒருமுறை பணம் கொடுத்து முடித்துக்கொள்ளும் ஏற்பாட்டை விட்டுவிட்டு, பராமரிப்புக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்கி, பொறுப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அவர்கள் இல்லாத காலத்துக்கு மாற்று ஆள் ஒருவரையும் இப்போதே பேசிவைத்துக்கொண்டு ஏற்க வேண்டும். இவற்றுக்கு உங்கள் குழுவால் இயலாது என்று தெரிந்தால், சென்னை நிறுவனத்திடம் போவதே நல்லது. பராமரிக்க ஆளில்லாத திறமூல மென்பொருளைவிட, உள்ளே எழுதியிருப்பதை விற்றவர் வெளியே காட்டாத, ஆனால் பராமரிக்க ஆளிருக்கும் மூடிய மென்பொருள் ஒரு சிறு சங்கத்துக்குப் பாதுகாப்பானது.

முதலில் உங்கள் உறுப்பினர்களின் இரண்டாவது அச்சத்தைத் தீர்த்துவிடுகிறேன். கூட்டத்தில் முடிவைத் தடுத்து நிறுத்தப்போவது அதுதான். திறமூலம் என்றால் திறந்திருப்பது மென்பொருளின் மூலநிரல், அதாவது அது எப்படி இயங்க வேண்டும் என்று எழுதிய கட்டளைகள், மட்டுமே. பேரேட்டில் பற்று எந்தப் பக்கம், வரவு எந்தப் பக்கம் என்ற முறை ஊருக்கே தெரியும்; அதனால் உங்கள் பேரேட்டில் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று ஊருக்குத் தெரிந்துவிடுவதில்லை. கணக்கு இருக்கும் இடம் உங்கள் சர்வர், அதாவது கணக்கைச் சேமித்து வைக்கும் கணினி. அதைத் திறக்கும் கடவுச்சொல் உங்கள் கையில். இளைஞர்கள் செய்யும் மாற்றங்களை உலகுக்கு வெளியிட வேண்டிய கடமையும் உங்களுக்கு இல்லை. ஈஆர்பிநெக்ஸ்ட் வெளியாகியிருக்கும் ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தின் மூன்றாம் பதிப்பு, நிரலைப் பிறருக்கு வழங்குகிறவரே அதன் மூலத்தையும் சேர்த்துத் தர வேண்டும் என்கிறது. தன் அலுவலகத்துக்குள் பயன்படுத்துகிறவரை அது கட்டாயப்படுத்துவதில்லை. அந்த விதி உங்களுக்குச் சாதகமானதும்கூட. ஈஆர்பிநெக்ஸ்டின் நிரலைத் திருத்தி உங்களுக்குக் கொடுப்பவர், திருத்திய மூலநிரலையும் உங்களுக்குக் கொடுத்தாக வேண்டும்.

இலவசம் என்ற சொல்லைக் கேட்டவுடன், பொழுதுபோகாத சிலர் விளையாட்டாகச் செய்த பொருள் என்ற எண்ணம் வருகிறது. அது உண்மைக்கு வெகுதொலைவில் இருக்கிறது. அமெரிக்க நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன், யாரும் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனு திட்டத்தை 1983இல் அறிவித்ததும், 1989இல் ஜிபிஎல் உரிமத்தின் முதல் பதிப்பு வந்ததும், ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் கணினியை இயக்கும் லினக்ஸ் என்ற நிரலைத் தொடங்கியதும் தனிமனித முயற்சிகள்தாம். ஆனால் இன்று லினக்ஸின் மையநிரலில் சேரும் திருத்தங்களில் பெரும்பகுதியை எழுதுகிறவர்கள், இன்டெல், கூகுள், ரெட் ஹாட் போன்ற நிறுவனங்களில் சம்பளம் வாங்கிக்கொண்டு அதே வேலையைச் செய்யும் பொறியாளர்கள். ஒரு திருத்தம் அந்தந்தப் பகுதிக்குப் பொறுப்பான பராமரிப்பாளரின் பார்வையைக் கடந்துதான் உள்ளே போகும். ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வெளியாகும். உங்கள் உறுப்பினர்கள் கையில் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு கைபேசிகள் அனைத்தும் இந்த லினக்ஸின் மேல்தான் இயங்குகின்றன. அரசு அலுவலகங்களில் திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்ற கொள்கையை இந்திய அரசு 2015இல் வெளியிட்டது. உங்களுக்குச் சொல்லப்பட்ட ஈஆர்பிநெக்ஸ்டும் மும்பையில் உள்ள ஃப்ராப்பே என்ற நிறுவனம் உருவாக்கியது. சர்வர் வாடகையிலும் சேவையிலும் வருமானம் பார்க்கிற, சம்பளப் பட்டியல் உள்ள நிறுவனம் அது. ஆகவே உங்கள் முன் இருப்பது நிறுவனமா தன்னார்வலரா என்ற தேர்வே இல்லை. இரண்டு பக்கமும் நிறுவனங்கள் இருக்கின்றன. நிரலின் மீதும் கணக்கின் மீதும் உங்களுக்கு என்ன உரிமை கிடைக்கிறது, பழுதானால் யார் வருவார்கள் என்பதில்தான் வேறுபாடு.

இந்த வேறுபாடு உங்கள் ஏலக் கூடத்தில் எப்படிப் பட்டவர்த்தனமாகத் தெரியும் என்பதைப் பங்குப் பிரிப்பை வைத்தே விளக்கலாம். படகு கரைக்கு வந்ததும் நண்டு தரம் பிரித்து நிறுக்கப்படுகிறது. கணவாய்க்கு ஒரு விலை, கழிவு மீனுக்கு ஒரு விலை. ஏலத் தொகையில் கமிஷன் போக மிஞ்சியதில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்து, மீதியைப் படகுக்கு இவ்வளவு, ஆட்களுக்கு இவ்வளவு என்று பிரிக்கிறீர்கள். அந்த விகிதம் விசைப்படகுக்கு ஒன்று, நாட்டுப்படகுக்கு ஒன்று. பக்கத்து ஊரில் வேறொன்று. முன்பணம் வாங்கியவருக்கு ஒவ்வொரு ஏலத்திலும் ஒரு பகுதி பிடிக்கப்படும். மீன்பாடு இல்லாத நாளில் பிடிக்காமல் விடுவதும் வழக்கம். ஏலம் எடுக்கும் பெண் வியாபாரிகள் மீனை விற்றுவிட்டு மறுநாள் பணம் கட்டுவார்கள். அந்த ஒரு நாள் கடனுக்கு வட்டி இல்லை என்பது எங்கும் எழுதப்படாத, ஆனால் யாரும் மீறாத ஏற்பாடு.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு எழுதப்பட்ட ஆயத்த மென்பொருள் சந்தையில் கிடைப்பது அரிது. சென்னை நிறுவனம் காட்டியது பெரும்பாலும் மளிகை மொத்த வியாபாரத்துக்கோ காய்கறி மண்டிக்கோ செய்த மென்பொருளாக இருக்கும். அதில் மீன் என்ற பெயரைச் சேர்த்துக் காட்டியிருப்பார்கள். அதில் தவறொன்றும் இல்லை. ஒரே பொருளை நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களுக்கு விற்றால்தான் அந்தத் தொழில் நிற்கும். அதனால் அடுத்த பதிப்பில் எதைச் சேர்ப்பது என்பதை அதிக வாடிக்கையாளர்கள் கேட்பதை வைத்தே முடிவு செய்வார்கள். மீன்பாடு இல்லாத நாளில் முன்பணம் பிடிக்காமல் விட வேண்டும் என்ற உங்கள் கோரிக்கை அந்தப் பட்டியலின் அடியில் கிடக்கும். நிறுவனம் கெட்ட எண்ணம் கொண்டது என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. அந்த வளர்ச்சி முறையின் இயல்பே அது. அந்த நிலையில் உங்கள் எழுத்தர் என்ன செய்வார் என்றால், மென்பொருளுக்கு ஏற்றபடி ஒரு பொய்ப் பதிவு போட்டுவிட்டு, உண்மைக் கணக்கை மறுபடியும் நோட்டில் எழுதத் தொடங்குவார். பணம் கட்டி வாங்கிய மென்பொருள் ஓராண்டுக்குள் அலமாரியில் போய் அமர்வது பெரும்பாலும் இப்படித்தான். திறமூல மென்பொருளில் உங்கள் ஊர் வழக்கத்தை உங்கள் ஆளே எழுதிச் சேர்க்கலாம். யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. உங்களுக்குத் திறமூலத்தைப் பரிந்துரைப்பதற்கு முதற்காரணம் உரிமக் கட்டணம் மிச்சமாவது அன்று, இந்தச் சுதந்திரம்தான்.

அதே சமயம், எல்லாக் கணக்கையும் அதிலேயே செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். ஆண்டு இறுதிக் கணக்கு, வரி விவரங்கள் போன்றவை நாடு முழுவதற்கும் ஒன்றே. ஜிஎஸ்டி விதி மாறினால் மூடிய மென்பொருள் நிறுவனங்கள் விரைவாகத் திருத்தம் அனுப்புகின்றன, அதற்கென்றே அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். இராமநாதபுரத்தில் உங்கள் தணிக்கையாளர் டேலி என்ற கணக்கு மென்பொருளில் வேலை செய்பவராக இருந்தால், அவருக்கு வேண்டிய தொகைகளை மாதந்தோறும் எடுத்துக் கொடுத்துவிட்டு அந்த வேலையை அங்கேயே விட்டுவிடுங்கள். தென்காசி அருகே மத்தளம்பாறையில் இருந்துகொண்டு உலகம் முழுவதற்கும் மென்பொருள் எழுதும் ஜோஹோவின் பொருள்களும் மூடியவைதாம். அவற்றைத் தரம் குறைந்தவை என்று யாரும் சொல்ல முடியாது. பொதுவான தேவைக்கு ஆயத்தப் பொருளை வாங்குவதும், உங்கள் ஊருக்கே உரிய தேவைக்குத் திறந்த நிரலை எடுத்துத் திருத்திக்கொள்வதும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை.

இனி, பொறுப்பு பற்றிய கேள்விக்கு வருகிறேன். உங்கள் குழுவினர் கேட்டவற்றில் மிகச் சரியான கேள்வி இதுதான். திறமூலத்தை விரும்புகிறவர்கள் பலர் இதற்கு நேராகப் பதில் சொல்வதில்லை. நிரல் திறந்திருப்பதால் பலர் படிப்பார்கள், பிழைகள் தாமாகவே வெளியே வந்துவிடும் என்று சொல்லப்படுகிறது. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பிழை வெளிப்பட்டபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. இணையத்தில் வங்கிப் பரிமாற்றம் முதல் மின்னஞ்சல் வரை காக்கும் ஓபன்எஸ்எஸ்எல் என்ற நிரலில், 2012இல் வெளியான பதிப்பிலேயே அந்தப் பிழை நுழைந்திருந்தது. இரண்டு ஆண்டுகள் அது எல்லார் கண் முன்னாலும் கிடந்தது. அவ்வளவு முக்கியமான நிரலில் முழுநேரமாக வேலை செய்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. பயன்படுத்தி இலாபம் பார்த்த நிறுவனங்களில் பெரும்பாலானவை அவர்களுக்கு ஒன்றும் கொடுத்திருக்கவில்லை. பிழை வெளிவந்த பிறகுதான் லினக்ஸ் அறக்கட்டளையின் வழியாகப் பெரிய நிறுவனங்கள் நிதி திரட்டின.

பத்தாண்டு கழித்து, 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க நிரலில் நடந்தது இன்னும் பாடம் சொல்வது. அந்த நிரலைத் தனியாளாகத் தாங்கிக் களைத்திருந்த பராமரிப்பாளருக்கு உதவுவதாக வந்த ஒருவர், இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நல்ல திருத்தங்களைக் கொடுத்து நம்பிக்கை பெற்று, பிறகு அதனுள் இரகசிய வழி ஒன்றைப் பொருத்திவிட்டார். மைக்ரோசாஃப்டில் வேலை செய்யும் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், சர்வருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி அதிகமாவதைக் கவனித்து, காரணத்தைத் துருவிப் பார்த்ததால் அது உலகமெங்கும் பரவுவதற்கு முன்பே பிடிபட்டது. நிரல் திறந்திருந்ததால் அவரால் உள்ளே போய்ப் பார்க்க முடிந்தது. ஆனால் அந்த ஊடுருவலுக்கு வழி வைத்தது, ஊதியமில்லாமல் தனியாக விடப்பட்ட ஒரு மனிதரின் களைப்பு. இரண்டையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய நிறுவனத்திடம் வாங்கினால் இந்தக் கவலையே இல்லை என்று உங்கள் குழுவில் யாராவது சொன்னால், 2024 ஜூலை 19ஆம் நாளை நினைவூட்டுங்கள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பு ஒன்றால், மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களில் விமானம் ஏறும் அனுமதிச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். மூடிய நிரலில் பிழை இருந்தால் அதைச் செய்தவரைத் தவிர வேறு யாராலும் உள்ளே போய்ப் பார்க்க முடியாது. அவர் திருத்தும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் அவரிடம் சண்டை போட ஓர் ஒப்பந்தம் உண்டு, தொலைபேசி எண் உண்டு. திறமூலத்தில் உள்ளே போய்ப் பார்க்கும் உரிமை உண்டு. அந்த உரிமையைப் பயன்படுத்தத் தெரிந்தவரை நீங்கள்தான் பணம் கொடுத்து அமர்த்த வேண்டும். சந்தாவாகச் சென்னைக்குப் போகவிருந்த பணத்தில் ஒரு பகுதியையாவது ஆண்டுப் பராமரிப்புக்கு எடுத்து வையுங்கள் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். ஒருமுறை பணம் போதும் என்று இளைஞர்கள் சொல்வது அவர்களுடைய நல்லெண்ணத்தைக் காட்டுகிறது. இரண்டாம் ஆண்டில் அவர்களுக்கு வேறு வேலை கிடைத்து, உங்கள் சர்வரில் பாதுகாப்புத் திருத்தம் போட நேரமில்லாமல் போகும்போது அந்த நல்லெண்ணம் கணக்கைக் காக்காது.

நிறுவனம் தன் விதிகளை மாற்றினால் என்ன ஆகும் என்பதையும் யோசித்துப் பாருங்கள். ஈஆர்பிநெக்ஸ்ட் தன் தரவுகளைப் பெரும்பாலும் மரியாடிபி என்ற தரவுத்தளத்தில் வைக்கிறது. அந்தத் தரவுத்தளம் பிறந்த கதையே உங்கள் கேள்விக்குப் பதில்போல இருக்கிறது. மைஎஸ்கியூஎல் என்ற புகழ்பெற்ற திறமூலத் தரவுத்தளத்தை வைத்திருந்த சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கப்போவதாக 2009இல் அறிவிப்பு வந்தபோது, அதை முதலில் எழுதியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ், திறந்திருந்த அந்த நிரலையே எடுத்துத் தனியாக வளர்க்கத் தொடங்கினார், அதுதான் மரியாடிபி. 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் என்ற நிறுவனம் டெர்ராஃபார்ம் என்ற தன் மென்பொருளின் திறமூல உரிமத்தைக் கைவிட்டு இறுக்கமான உரிமத்துக்கு மாறியபோதும், அதற்கு முன்பிருந்த நிரலை எடுத்துப் பிறர் ஓபன்டோஃபு என்ற பெயரில் தொடர்ந்தார்கள். திறமூல நிறுவனமும் மனம் மாறும். ஆனால் ஏற்கெனவே வெளியிட்ட பதிப்பை அதனால் திரும்பப் பிடுங்க முடியாது. மூடிய மென்பொருளில் தேதி குறிப்பவர் விற்றவர். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. உங்கள் அலுவலகக் கணினி இன்னும் அதில் ஓடிக்கொண்டிருந்தால், எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் அதைக் கவனியுங்கள்.

பையன்கள் துபாய்க்குப் போய்விட்டால் என்ற கேள்வியை நம் கரையில் யாரும் கேட்காமல் இருக்க முடியாது. கீழக்கரையிலும் தொண்டியிலும் தேவிபட்டினத்திலும் படித்த பிள்ளைகள் கடல் கடந்து போவது தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. அதைத் தடுக்க நினைப்பதும் நியாயமில்லை. அவர்கள் போவார்கள் என்று வைத்துக்கொண்டே ஏற்பாடு செய்யுங்கள். ஈஆர்பிநெக்ஸ்டின் மூல நிரலில் கை வைக்காமல், உங்கள் ஏலத்துக்கும் பங்குப் பிரிப்புக்கும் வேண்டியதைத் தனிச் செயலியாக எழுதி மேலே பொருத்த முடியும். அப்படித்தான் எழுத வேண்டும் என்று ஒப்பந்தத்தில் கண்டிப்பாகச் சேர்த்துவிடுங்கள். மூலத்திலேயே வெட்டி ஒட்டினால், புதிய பதிப்பு வரும்போது எல்லாம் உடைந்துபோகும், எழுதியவரைத் தவிர வேறு யாருக்கும் அது புரியாது. அவர்கள் எழுதும் தனிச் செயலியின் நிரல் உங்கள் குழுவின் பெயரில் உள்ள, நிரலைச் சேமித்து வைக்கும் இணையக் களஞ்சியத்தில் அன்றன்றைக்குச் சேர வேண்டும். அதன் உரிமம் என்ன என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். சர்வர் வாடகையும் இணைய முகவரியும் குழுவின் பெயரிலும் குழுவின் வங்கிக் கணக்கிலும் இருக்கட்டும். தலைமைக் கடவுச்சொல் இரண்டு நிர்வாகிகளிடம் இருக்கட்டும், எழுதியவரிடம் மட்டும் இருக்க வேண்டாம். இவ்வளவும் இருந்தால், ஈஆர்பிநெக்ஸ்ட் தெரிந்த வேறொருவர் மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்து தொடரலாம். அதைத் தொழிலாகச் செய்யும் நிறுவனங்கள் நாடு முழுவதும் இருக்கின்றன. அப்படி ஒருவரை இப்போதே தேடி, முதலாண்டில் ஒருமுறை வேலையைச் சரிபார்க்கச் சொல்லி அதற்குரிய கட்டணத்தையும் கொடுத்துவிடுங்கள். அந்தச் செலவை யாராவது வீண் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

தமிழில் கணக்கு வைப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நம் மாவட்டத்தில் பல சங்கங்களின் பழைய கோப்புகள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற குறிகளாகத் தெரியும், ஒரு பெயரைத் தேடினால் கிடைக்காது. புதிய மென்பொருள் எதுவாக இருந்தாலும் உறுப்பினர் பெயர், படகின் பெயர், மீன் வகை அனைத்தும் யூனிகோடு எனப்படும் ஒருங்குறியில்தான் சேமிக்கப்பட வேண்டும். திரையில் வரும் சொற்களும் உங்கள் கூடத்தில் பேசும் சொற்களாக இருக்கட்டும். ஈஆர்பிநெக்ஸ்டில் தமிழ் மொழிபெயர்ப்பை நாமே திருத்திக்கொள்ளும் வசதி உண்டு. எழுத்தர் பெண்ணை அருகில் உட்கார வைத்துக்கொண்டு அவர் சொல்லும் சொல்லையே போடச் சொல்லுங்கள். சீலா என்று ஏலம் விடுகிற இடத்தில் திரையில் வஞ்சிரம் என்று காட்டினால் பதிவில் பிழை வரும்.

சர்வரை ஏலக் கூடத்தில் வைக்க வேண்டாம். உப்புக் காற்று கணினியின் உட்பாகங்களை அரித்துவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மின்சாரமும் இணையமும் சேர்ந்தே போகும். வாடகை சர்வரில் கணக்கை வைத்து, அதன் காப்பு நகலை நாள்தோறும் வேறோர் இடத்திலும், வாரம் ஒருமுறை ஒரு வன்தட்டில் எடுத்து இராமநாதபுரத்தில் உங்கள் வங்கிப் பெட்டகத்திலோ தணிக்கையாளர் அலுவலகத்திலோ வையுங்கள். காப்பு நகல் எடுப்பதோடு நிறுத்தாமல், அதிலிருந்து கணக்கைத் திரும்ப எழுப்ப முடிகிறதா என்பதையும் இளைஞர்கள் உங்கள் கண் முன் செய்து காட்ட வேண்டும். இணையம் இல்லாத நாளில் ஏலத்தை எந்தத் தாளில் எழுதுவது, மறுநாள் யார் பதிவேற்றுவது என்பதற்கும் ஒரு முறை வகுத்துக்கொள்ளுங்கள். உறுப்பினர்களின் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் போன்றவற்றை உண்மையில் தேவைப்படும் அளவுக்கு மட்டும் வாங்கிப் பதியுங்கள்; 2023இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரவை வைத்திருப்பவர் மீதுதான் பொறுப்பைச் சுமத்துகிறது, மென்பொருள் எந்த வகை என்று அது பார்ப்பதில்லை.

உங்கள் அக்காள் மகன் பற்றி நீங்களே முன்வந்து சொன்னது நல்லது. அதை என்னிடம் சொன்னதுபோல நிர்வாகக் குழுவிலும் சொல்லி, தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள். அந்த ஒப்பந்தத்தைப் பற்றிய வாக்கெடுப்பில் நீங்கள் கலந்துகொள்ளாதீர்கள். விலை பேசும் பொறுப்பையும் தலைவரிடமோ பொருளாளரிடமோ விட்டுவிடுங்கள். இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. சொந்தக்காரப் பிள்ளைதானே, கொஞ்சம் குறைத்து வாங்கிக்கொள்ளட்டும், இரவில் கூப்பிட்டாலும் வரட்டும் என்று எதிர்பார்ப்பது நம் குடும்பங்களில் இயல்பாக நடப்பது. அப்படிக் குறைந்த ஊதியத்தில் செய்யப்படும் வேலைதான் முதலில் கைவிடப்படுகிறது. அவருக்கும் அவருடைய நண்பருக்கும் வெளியூர் நிறுவனம் என்றால் எவ்வளவு கொடுத்திருப்பீர்களோ அந்த அளவுக்கு ஒப்பிட்டு நியாயமான ஊதியம் கொடுங்கள். அவர்களுக்கும் இது நல்ல தொடக்கம். திறமூலத்தில் ஒருவர் செய்த வேலை பொதுவெளியில் அவர் பெயரோடு நிற்கிறது; வேலை தரப்போகிறவர் அதைத் திறந்து படித்துப் பார்க்கலாம். கூகுளின் கோடைகால நிரலாக்கத் திட்டம் 2005 முதல் இப்படிப்பட்ட வேலைகளுக்கு உதவித்தொகை தருகிறது. தமிழில் கற்க வேண்டுமென்றால் கணியம் அறக்கட்டளையின் கட்டுரைகளும் பயிற்சிகளும் இருக்கின்றன. பாக் விரிகுடாக் கரையின் பங்குக் கணக்கை ஒழுங்காகச் செய்யும் செயலியை உங்கள் குழு சம்மதித்துப் பொதுவில் வெளியிட்டால், கரையோரத்தின் மற்ற குழுக்களும் அதை எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் செய்யும் திருத்தங்களை உங்களுக்கும் தரும்படி கேட்டுக்கொள்ளலாம். இப்படி வெளியிடுவது கட்டாயமில்லை, ஆனால் நடக்க வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன்.

சென்னை நிறுவனத்தை இப்போதே மறுத்துவிட வேண்டாம். அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதி எழுத்திலேயே பதில் கேளுங்கள். சந்தாவை நிறுத்தினால் எங்கள் கணக்கு முழுவதையும் எக்செல்லில் திறக்கக்கூடிய கோப்புகளாக எத்தனை நாளில் தருவீர்கள், அதற்குத் தனிக் கட்டணம் உண்டா, அடுத்த மூன்று ஆண்டுகளில் சந்தா எவ்வளவு வரை உயரும், பங்குப் பிரிப்பு விதியை மாற்ற வேண்டுமானால் யார் செய்வார்கள், எவ்வளவு நாளாகும், உங்கள் நிறுவனம் மூடப்பட்டால் மூலநிரலை எங்களுக்கு ஒப்படைக்க மூன்றாம் தரப்பிடம் வைத்திருப்பீர்களா என்பவை அந்தக் கடிதத்தில் இருக்கட்டும். நேர்மையான நிறுவனம் இவற்றுக்குத் தயங்காமல் பதில் தரும். பதில்கள் திருப்தியாக இருந்து, இளைஞர்களால் ஆண்டுப் பராமரிப்புக்கு உறுதி தர இயலாவிட்டால், உங்கள் முடிவு மாறலாம்.

எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும், மாற்றத்தை மீன்பிடித் தடைக்காலத்தில் தொடங்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது கூடத்துக்கு நாட்டுப்படகு மீன் மட்டுமே வரும். பதிவுகள் குறைவு, எழுத்தருக்குக் கற்றுக்கொள்ள நேரம் உண்டு, பழைய முன்பணப் பாக்கிகளைப் படகு வாரியாகச் சரிபார்த்து ஏற்றவும் முடியும். பாக்கித் தொகையை ஏற்றும்முன் ஒவ்வொரு உறுப்பினரிடமும் காட்டிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்; பின்னால் வரும் சச்சரவுகளில் பாதி இந்த இடத்தில்தான் முளைக்கிறது. ஜூன் 15க்குப் பிறகு ஒரு முழு மாதக் கணக்கு நோட்டிலும் மென்பொருளிலும் காசு பிசகாமல் ஒத்துவரும்வரை நோட்டை நிறுத்தக் கூடாது. இரண்டும் வேறுபட்டால் அன்றைக்கு நோட்டுக் கணக்கின்படியே பணம் கொடுத்துவிட்டு, வேறுபாடு எங்கே வந்தது, எப்படித் திருத்தப்பட்டது என்பதை மென்பொருள் செய்தவர் தேதியிட்டு எழுதித் தர வேண்டும். அந்தத் தாள்களை ஒப்பந்தத்தோடு சேர்த்தே கோப்பில் வையுங்கள். பின்னால் வேறொருவர் இந்த வேலையை ஏற்க நேர்ந்தால் அவர் முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.